முழுப் பாட்டையும் கேட்டவள்

நம் வயதுக்காரர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்று மதியச் சாப்பாட்டின்போது யோசிக்கிறவர்களைச் சொல்கிறேன். ரேடியோ வைத்துக்கொள்ள ஒரு லைசென்ஸ் புத்தகம் இருந்தது, வருஷா வருஷம் தபாலாபீசுக்குப் போய் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று என் பேரனிடம் சொன்னேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். உங்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

எனக்கு இசை ஞானம் கிடையாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. என் காதுகள் கண்ணாடியைத் தாங்குவதற்கென்றே பொருத்தப்பட்டவை. நான் தாலாட்டுப் பாடினால் தூங்கிய குழந்தை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நான், எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுக்க, அரியலூரின் இசை மேதையாக இருந்தேன். அப்போது எனக்குப் பதினோரு வயது.

அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. கடைக்குப் பின்னால் வீடு. சமையலறையை ஒட்டித் தகரம் போட்ட ஒரு ஷெட். பழைய டயரும் ஓட்டை டியூபுமாகக் கிடந்த அந்த ஷெட்டில்தான் எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை பார்த்தது. பேனரில் இன்னிசைக் குழு என்று எழுதியிருக்கும். வாயில் வருவது ஆர்கெஸ்ட்ராதான். பதினொரு பேர். தலைவர் தாலுகா ஆபீசில் கிளார்க். அக்கார்டியன் வாசிப்பார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வயலின்காரர் மாதா கோயிலில் வாசிக்கிறவர். தபேலாக்காரர் பஜனை மடத்து ஆள். கிளாரினெட்காரர் கல்யாண ஊர்வல பேண்டு செட்டிலிருந்து வந்தவர். பகலில் அவருக்குச் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. வரும்போது புருவத்தில் வெள்ளை படிந்திருக்கும். முதலில் கிளாரினெட்டைத் துடைத்து, மிச்சத் துணியால்தான் முகத்தைத் துடைப்பார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னாலும் இசைக்குக் குறைச்சல் இல்லை. கோயிலுக்கு நாயனம், சாவுக்குப் பறை, ஊர்வலத்துக்கு பேண்டு, மாதா கோயிலுக்கு வயலின். ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் தெருவில் இருந்தது. ஒன்று வாசிக்கிற வாசலுக்கு இன்னொன்று வராது. எங்கள் ஷெட்டில் மட்டும் எல்லாம் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒரே சட்டி டீயைக் குடித்தன. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. டீயில் சர்க்கரை குறைவு என்பது மட்டும் தெரியும். கீழப்பழுவூர்க் கல்யாணத்தில் அவர்கள் வாசிக்கப் போனால், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பெட்டிக்குள்ளிருந்து மட்டுமே கேட்ட பாட்டை, வேர்வை வழிகிற மனிதர்கள் கண்ணெதிரே உண்டாக்குவதைப் பார்க்க வருவார்கள்.

அவர்கள் பாட்டுக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். டேப் ரிக்கார்டர் யாரிடமும் இல்லை. புதுப் பாட்டை சிலோன் ரேடியோவில் போடும்போதுதான் பிடிக்க வேண்டும். விட்டால் மறுநாள் போடுவானோ, மறுவாரம் போடுவானோ. அதனால் மாஸ்டர் பங்கு பிரித்துவிடுவார்.

"நீ வயலின மட்டும் கேளு. நீ தபேலா. அடியில பேஸ் போவுதுல்ல, நீ அத விட்டு நவுரக் கூடாது."

வரிகளை எழுத இரண்டு பேர். ஒற்றைப்படை வரிகளை ஒருவர் எழுதுவார், இரட்டைப்படை வரிகளை இன்னொருவர். கையெழுத்து நன்றாக இருந்ததால் இரட்டைப்படை வரிகள் எனக்கு. ஒரு கோடை முழுக்க ஏராளமான காதலிகள் பதில் சொல்லக் கேட்டேன். காதலன் என்ன கேட்டான் என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

அந்த மூன்றரை நிமிஷமும் யாரும் அசைய மாட்டார்கள். அடுத்தவன் பங்கில் காது போனால் தன் பங்கு போய்விடும். ஒருமுறை தபேலாக்காரர் லயித்துப்போய்த் தலையாட்டிவிட்டார்.

"யோவ், பாட்டக் கேக்கவாய்யா வந்த?" என்று கத்தினார் மாஸ்டர்.

பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டை நடுவில் கொண்டுவந்து போடுவார்கள். ஒட்டினால் பாட்டு வர வேண்டும். பெரும்பாலும் வரும். ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை யாருடைய பங்கிலும் சேராதவை.

ரேடியோ எங்களுடையது. ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருக்கும். முகம் ஷெட்டைப் பார்த்திருக்கும், முதுகு சமையலறைப் பக்கம். அந்த முதுகில் ஓட்டை ஓட்டையாக ஒரு அட்டை. உள்ளே வால்வு சிவந்து, சூடான தூசி வாசம் வரும். அந்த முதுகுக்கு நேர் எதிரே அடுப்படியில் இருந்தவள் என் அக்கா.

அக்காவுக்குப் பதினேழு. பத்தாவது முடித்ததும் நிறுத்திவிட்டார்கள். ஷெட் ஆம்பளைகள் கூடுகிற இடம், அங்கே அவள் வரக்கூடாது என்று வீட்டில் யாரும் சொன்னதாக நினைவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விதிகளில் அது ஒன்று. அவளுக்கு யாரும் பங்கு கொடுக்கவில்லை. அதனால் முழுப் பாட்டும் அவளுக்குக் கிடைத்தது.

ஒருநாள் ஒத்திகைக்கு நடுவே தண்ணீர் குடிக்கப் போனேன். அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "டேய், ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வயலின் நிக்குதுல்ல? அங்க நிக்கக் கூடாது. கீழ எறங்கி வந்து கிளாரினெட்டக் கூட்டிக்கிட்டுப் போவணும். போயிச் சொல்லு" என்றாள்.

"எப்படி எறங்கணும்?"

பாடிக் காட்டினாள். நான் திருப்பிப் பாடினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

பிறகு அவள்தான் வழி கண்டுபிடித்தாள். சிறுவாச்சூர்க் கோயில் கடையில் எனக்கு ஒரு புல்புல்தாரா வாங்கித் தந்திருந்தார்கள். கம்பிகளுக்கு மேலே டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள், ஒவ்வொரு கட்டையிலும் ஒரு எண். இப்போது எந்தத் திருவிழாவிலும் அது கண்ணில் படுவதில்லை. என் கையில் அது அழுததால் பரணுக்குப் போயிருந்தது. அக்கா அதை இறக்கி, மெதுவாகத் தட்டிப் பார்த்து, எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"இத அப்படியே படி. நம்பர் படிக்கத் தெரியும்ல?"

நான் ஷெட்டுக்குப் போய்ப் படித்தேன். குழுவிலும் ஒருவர் புல்புல்தாரா வாசிப்பார். அவர் அந்த எண்களைத் தட்டினார். வயலின்காரர் பிடித்துக்கொண்டார். கிளாரினெட் வந்து சேர்ந்தது. மாஸ்டர் அக்கார்டியனை மடியில் இறக்கி வைத்தார்.

"தம்பி, இது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

உள்ளே அக்கா, பத்தடி தூரத்தில். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தப் பதினொரு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கணக்கில் பதினேழு மார்க் வாங்குகிறவனை அதற்கு முன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"கேட்டுச்சு சார்" என்றேன்.

அதிலிருந்து தினம் ஒரு சீட்டு. ஊரில் பேச்சாகிவிட்டது. ஒத்திகையில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். கிளாரினெட்காரர், அத்தனை வயதானவர், "சரியா இருக்குதுங்களா தம்பி?" என்று என்னைக் கேட்பார். நான் கண்ணை மூடி, கொஞ்சம் யோசித்து, "இன்னும் ஒரு தடவ வாசிங்க" என்பேன். அந்த ஒரு தடவைக்குள் அக்காவிடம் போய்விட்டு வர வேண்டும். இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. அதற்காவது அவை பயன்படுகின்றன.

அக்காவுக்கு முதலில் இது விளையாட்டாக இருந்தது. சீட்டு அனுப்பிவிட்டு, தான் சொன்னபடி அந்த இடம் திரும்பி வரும்போது சிரிப்பாள். போகப்போகச் சிரிப்பு குறைந்தது. ஒருநாள் கேட்டாள்: "அங்க நான்னு சொன்னா என்னடா ஆவும்?"

மாஸ்டர் நல்லவர். மனதார நல்லவர். அவர் திருச்சியிலிருந்து ஒரு இசை ஆசிரியரை வரவழைத்தார். "எங்க ஊர்ல ஒரு பையன் இருக்கான், வந்து பாருங்க. தேறுனா ஒங்க வூட்டுலயே வெச்சுச் சொல்லிக்குடுங்க" என்று எழுதியிருந்தார். வெளுத்த வேட்டியும் வயலின் பெட்டியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்து இறங்கினார். அந்த ஷெட்டுக்குள் நாற்காலி வந்தது அன்றுதான்.

முந்தின நாள் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"நாளைக்கு அவர்கிட்ட சொல்லிடு. எழுதுனது எங்கக்கான்னு சொல்லு. அவரு கேட்டா அப்பா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. வெளியூர்லேர்ந்து பெரிய மனுஷன் வந்து கேக்குறாருல்ல."

"என்னன்னு கேப்பாரு?"

"புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு." அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

திருச்சி சார் வயலினில் ஏதோ வாசித்தார். "இத எழுது பாப்போம்" என்றார்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வரேன் சார்" என்றேன்.

சமையலறைக்கு ஓடினேன். அக்கா எழுதி முடித்திருந்தாள். சீட்டை நீட்டியவள் உடனே விடவில்லை.

"இப்ப சொல்லிடுவல்ல?"

"சொல்றேன்க்கா."

விட்டாள்.

சீட்டைக் கொடுத்தேன். சார் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இன்னொன்று வாசித்தார். நான் மறுபடியும் எழுந்தேன். மூன்றாவது முறை போனபோது மாஸ்டருக்கே சங்கடமாகிவிட்டது. "பயத்துல வருது போலருக்கு சார்" என்றார்.

"இல்ல, இல்ல" என்றார் திருச்சி சார். "சில பேருக்குத் தனிமை வேணும். கூட்டத்துல வராது. விடுங்க, போயிட்டு வரட்டும்."

திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்பாவும் கடையை விட்டு வந்து வாசலில் நின்றார். கையில் கிரீஸ், கண்ணில் ஈரம். என் பிள்ளைகள் என்னை எத்தனையோ விஷயத்துக்கு மன்னித்திருக்கிறார்கள். ஆனால் அந்த அரை நிமிஷத்துக்கு யாரும் மன்னிப்புக் கொடுக்க முடியாது. வாயைத் திறந்தேன். "நன்றி சார்" என்று வந்தது.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: "சொன்னியா?"

"கூட்டமா இருந்துச்சுக்கா."

அவள் அழவில்லை, திட்டவில்லை. என் துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். அடியில் பத்து இன்லேண்டுக் கடிதங்கள் வைத்தாள்.

"அங்க அவரு தினம் என்ன சொல்லிக்குடுக்கறாரோ அத எழுதி அனுப்பு. புரியலன்னாலும் எழுது. நான் பாத்துக்கறேன்."

திருச்சியில் எனக்குத் தனிமை கொடுத்தார்கள். மொட்டைமாடியில் தனி அறை. அங்கே நான் பக்கத்து வீட்டு மாமரத்தைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொண்டேன். முதல் கடிதத்தில் பாடத்தை எழுதினேன். இரண்டாவதில் பாதி பாடம், பாதி அந்த வீட்டு ரவா தோசை. மூன்றாவதை எழுதவில்லை. மீதி இன்லேண்டில் கப்பல் செய்து விட்டேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு அக்கா வாசலுக்கு வந்து நிற்பாளாம். இதை அம்மா வெகுகாலம் கழித்து, ஏதோ வேடிக்கை சொல்வது மாதிரி, என்னிடம் சொன்னாள்.

ஆவணியில் அக்காவுக்குச் செட்டிகுளத்தில் கல்யாணம் ஆனது. வெங்காய வியாபாரம் செய்கிற குடும்பம், நல்ல இடம். நான் இரண்டு நாள் லீவில் வந்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போட்டோவில் நின்றேன்.

புரட்டாசியில் திருச்சி சார் அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். 'பையன் நல்ல பையன். நன்றாகச் சாப்பிடுகிறான். சங்கீதம் வேண்டாம்.' என்னைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதில் துல்லியமானது அதுதான்.

திரும்பி வந்த அன்றே ஷெட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தைரியத்தில் இல்லை, வேறு வழியில்லாமல். "சீட்டெல்லாம் எங்கக்காதான் எழுதுனா சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

மெதுவாகத்தான் சொன்னேன். தபேலாக்காரர் சிரித்தார். "தோத்துட்டு வந்துட்டு அக்கா மேல போடறியேடா."

"அடுப்படியிலேர்ந்தா? நாங்க பதினொரு பேரு காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்து புடிக்க முடியாதத?" என்றார் வயலின்காரர்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்தார். "பரவால்ல தம்பி. சின்ன வயசுல ஒரு சக்தி வரும், போவும். அதுக்காவப் பொய் சொல்லக் கூடாது."

அப்பாவிடமும் சொன்னேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டிக்குடுத்தாச்சு" என்றார். "பத்து ஆம்பளைங்க இருக்கற எடத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புனான்னு அந்த வூட்டுக்குச் சேதி போனா என்னாவும்? வாய மூடு."

அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆர்கெஸ்ட்ரா ஓட்டைகளோடு வாசித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இரட்டைப்படை வரிகளுக்குத் திரும்பினேன்.

தை மாதம் அக்காவின் மச்சினருக்குக் கல்யாணம். அப்பா சொல்லி, எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவே செட்டிகுளத்துக்குப் போனது. முகூர்த்தம் முடிந்து பந்தலில் ஐந்தாறு பாட்டு வாசித்தார்கள். பிறகு சாப்பாடு. குழுவினர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். கிளாரினெட்காரர் மட்டும் பசியில்லை என்று வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நான் மாஸ்டருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

அக்கா மோர் வாளியோடு வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். புதுப் புடவை வாசத்தை மீறி வெங்காய வாசம் வந்தது. எனக்கு மோர் ஊற்றக் குனிந்தவள் மெதுவாகக் கேட்டாள்:

"டேய், கிளாரினெட் அண்ணனுக்கு நெஞ்சு சரியில்லையா?"

"ஏன்க்கா?"

"மூணாவது பாட்டுலேர்ந்து நீட்டி வாசிக்கிற எடத்தயெல்லாம் பாதியில விட்டுடறாரு. மிச்சத்த மாஸ்டர் அக்கார்டியன்ல ரொப்புறாரு. கிளாரினெட் கொரல் மாதிரியே வாசிக்கிறாரு, ஒருத்தருக்கும் தெரியல. ஆனா மாஸ்டர் அங்க போயிடறாருல்ல, அந்த நேரம் அடியில ஒண்ணுமே இல்லாம காலியாக் கெடக்குது."

மாஸ்டரின் கை சோற்றில் அப்படியே நின்றது.

பின்னால்தான் எனக்கு விவரம் தெரிந்தது. காளவாய்ப் புகை அந்த மனிதரின் மூச்சைத் தின்றுகொண்டிருந்தது. குழுவில் தெரிந்தால் வேறு ஆள் போடச் சொல்வார்கள் என்று மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. கிளாரினெட்காரர் நிறுத்துகிற இடத்தில் தான் எடுத்துக்கொள்வதை ஆறு மாதமாகச் செய்துவந்தார். தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவரவர் பங்கை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தாம்மா" என்றார் மாஸ்டர். "யாரு சொன்னா ஒனக்கு?"

அக்கா பயந்துவிட்டாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னதுங்க சார்?" என்றாள்.

"கிளாரினெட்டு விசயம்."

"யாரும் சொல்லலீங்க. கேட்டுச்சு."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அடுத்த பந்திக்கு இலை போட வேண்டும். "மோர் ஊத்தட்டுங்களா சார்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல், ஊற்றாமலே போனாள்.

மாஸ்டர் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவுகிற இடத்தில் செம்பு நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் நின்றார். நான் பின்னால் போய் நின்றேன்.

"நீ அன்னிக்கு வந்து சொன்னல்ல" என்றார், திரும்பாமல்.

"சொன்னேன் சார்."

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதாடா?"

வாழ்நாள் முழுக்கச் சத்தமாகப் பேசியே பிழைத்தவன் நான். ஆபீசில் பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் மாற்றல் கேட்டுப் போகும் அளவுக்குப் பேசியிருக்கிறேன். அந்த இரண்டு தடவையும்தான் குரல் எழும்பவில்லை.

மாஸ்டர் கொல்லைப் பக்கம் நாலடி எடுத்து வைத்தார். அங்கே அக்காவின் மாமியார், வீட்டுக்காரர், நிறைய உறவுக்காரர்கள். அந்தக் கூட்டத்துக்குள் போய் ஒரு புது மருமகளைப் பற்றி என்ன பேசுவது? நின்றார். திரும்பிப் பந்தலுக்கு நடந்தார். குழுவில் கிதார் வாசிக்கிறவரைக் கூப்பிட்டு, "மூணாவது பாட்ட இன்னொரு தடவ வாசிக்கிறோம். கிளாரினெட் நீட்டுற எடத்துலல்லாம் நீ அடியில போ. நிறுத்தாத" என்றார்.

"அங்க எதுக்கு சார்?"

"காலியாக் கெடக்குது. எனக்குச் சொன்னாங்க."

யார் என்று கிதார்காரர் கேட்கவில்லை. வாசித்தார்கள். நான் கொல்லைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மண்டியிட்டு, புளியும் சாம்பலுமாக ஒரு பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிளாரினெட் நீண்டது, பாதியில் அக்கார்டியன் ஆயிற்று, அடியில் கிதார் நிறுத்தாமல் போனது. எனக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அக்காவின் கை நின்றது. அந்த இடம் முடியும்வரை அப்படியே இருந்தாள். முடிந்ததும் அண்டாவைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.